குரோம்பேட்டை டு முட்டுக்காடு: வெயிலில் காயும் இரண்டு தோல்கள்!

பீச்சிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் பல்லாவரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டை. தினமும் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே போகிறோம். 'பேட்டை' சரி... அது என்ன 'குரோம்'?

விடை ஒரே சொல்தான்: தோல். 1912-ல் ஜி.ஏ.சேம்பர்ஸ் என்பவர் இந்தப் பகுதியில் குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். கம்பெனியைச் சுற்றி வளர்ந்த ஊருக்கு அதன் பெயரே ஒட்டிக்கொண்டது. சேம்பர்ஸ் பெயரில் இங்கே ஒரு காலனியும் இருக்கிறது.

லீவு நாளில் இந்த ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு போட்டிங் கிளம்பினால், போகும் இடம் பெரும்பாலும் முட்டுக்காடு. பல்லாவரம், துரைப்பாக்கம் ரேடியல் ரோடு, சோழிங்கநல்லூர், அக்கரை, பிறகு ஈ.சி.ஆர் என்று சுமார் 30 கிலோமீட்டர். அங்கே படகில் ஏறி உட்காரும்போது இரண்டு தோல்கள் ஒன்றையொன்று தொடுகின்றன. ஒன்று நம் தோல். இன்னொன்று சீட்டின் மேல் போர்த்திய செயற்கைத் தோல். வெயில் இரண்டையும் விடாது. வேடிக்கை என்னவென்றால், நம் தோலைக் காக்கப் பூசும் சன்ஸ்க்ரீனே சீட்டின் தோலைக் கெடுக்கும். இரண்டையும் காப்பாற்ற முடியுமா? முடியும். அதற்கு முன், தோலின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

கமலையில் தொடங்கிய தேடல்

பம்ப்செட் வராத காலத்தில் மாடு பூட்டி, கமலை கட்டி, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்தார்கள். தண்ணீரை ஏந்தி வந்தது தோல் பை. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் பார்க்க அழகு, உழைப்பும் உண்டு. ஆனால், நாள் முழுக்கத் தண்ணீரில் முங்கி வெயிலில் காய்ந்தால் சீக்கிரமே இற்றுப்போகும்.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸ் அரசில் பணியாற்றிய ஆல்ஃபிரட் சாட்டர்டன், இங்கே குரோம் பதனிடும் முறையைச் சோதித்துப் பார்த்தார். கமலைப் பை நீண்ட நாள் தாங்க வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். பட்டை முறையில் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும் வேலை, குரோமியம் உப்பில் சில நாள்களில் முடிந்துவிடும். தோலின் நார்களைக் குரோமியம் இறுக்கிப் பிணைத்துவிடுவதால் தண்ணீரையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும். பதனிட்ட ஈரத்தோல் இளநீல நிறத்தில் இருக்கும். அந்த அலையில் பிறந்ததுதான் நம் குரோம்பேட்டையின் பெயர்.

உறுதிக்கு ஒரு விலையும் இருந்தது. பக்கத்திலுள்ள நாகல்கேணி வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பெருகின. கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. தமிழ்நாட்டின் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பே வழங்கியது. 'கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும்' என்ற கோட்பாட்டை நிலைநிறுத்திய தீர்ப்பு அது.

இன்று நாம் உட்காரும் சீட்டுகளில் பெரும்பாலானவை நிஜத் தோல் இல்லை, ரெக்ஸின். ஒரு காலத்தில் இங்கிலாந்துத் தயாரிப்பு ஒன்றின் பிராண்ட் பெயர். நமக்கு இப்போது செயற்கைத் தோல் எல்லாமே ரெக்ஸின்தான். துணியின் மேல் பி.வி.சி பிளாஸ்டிக் பூசியது. கிழித்துப் போட்டால் மக்காது. அதனால் ஒரு சீட்டை இன்னும் இரண்டு வருடம் உழைக்கவைத்தால், மிச்சமாவது காசு மட்டுமல்ல.

உச்சி வெயிலின் வேலை

பி.வி.சி இயல்பில் விறைப்பான பொருள். அதை மெத்தென்று மடிய வைப்பது, அதில் கலந்திருக்கும் மென்மையூட்டி என்ற எண்ணெய்ப் பசை. சூடு ஏற ஏற அது மெல்ல வெளியேறும். புற ஊதாக் கதிர்கள் நிறத்தையும் மேல்பூச்சையும் சிதைக்கும். முதலில் சீட் வெளுக்கும், பிறகு விறைக்கும், கடைசியில் உட்காரும் இடத்தில் சின்னச் சின்ன விரிசல் விடும். குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கம் வெயிலில் நிறுத்தப்படும் பைக்குகளின் சீட்டைப் பாருங்கள், மூன்று கட்டத்தையும் வரிசையாகப் பார்க்கலாம்.

நம் ஊர் வெயிலுக்குத் தனி பலம் உண்டு. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தையும் ஆகஸ்ட் 18-ஐயும் ஒட்டிய நாள்களில், நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு நிழலே விழாது. சாய்ந்து விழும் வெயிலைவிட நேராக விழும் வெயில் கடுமையானது.

தரையில் நிற்கும் பைக்குக்கே இந்தக் கதி என்றால், படகுக்கு? மேலே வெயில். கீழே நீர் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். முட்டுக்காடு கழிமுகம் கடலோடு கலக்கும் இடம் என்பதால் தண்ணீரில் உப்பும் உண்டு. தெறித்த நீர் காய்ந்ததும் உப்புப் பொடி தையல் மடிப்பில் தங்கி ஈரத்தை இழுக்கும், உரசும். தையல் விட்டுப்போன வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் ஸ்பாஞ்ச் ஊறி நாறும், பூஞ்சை பிடிக்கும்.

சன்ஸ்க்ரீன் எப்படி வில்லன் ஆனது?

சன்ஸ்க்ரீனில் வெயிலைத் தடுக்கும் பொருள்கள் பல, எண்ணெயில் கரைபவை. தோலோடு ஒட்டிக்கொள்ளத்தான் அந்த எண்ணெய்ப் பசை. ஈரம் காயாத கையோடு சீட்டைப் பிடித்தால் அதே பசை ரெக்ஸினுக்கும் இறங்கும். மேல்பூச்சு பிசுபிசுக்கும், தூசியைப் பிடிக்கும், வெயில் பட்டு மஞ்சள் கறையாக நிற்கும். பல சன்ஸ்க்ரீன்களில் இருக்கும் அவோபென்சோன் இன்னொரு வேலையும் செய்யும். தண்ணீரில் இரும்பு இருந்தால் அதோடு சேர்ந்து துருப்பிடித்தது போன்ற கறையை உண்டாக்கும். இரும்பு கலந்த போர் தண்ணீரில் துவைக்கும் வீடுகளில், வெள்ளைச் சட்டைக் காலர் ஆரஞ்சாவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

கொசு விரட்டி இன்னும் மோசம். 'டீட்' கலந்த விரட்டி சில வகை பிளாஸ்டிக்கையும் ரெக்ஸினையும் இளக்கிவிடும். தலையில் வழியும் தேங்காய் எண்ணெயும் சீட்டின் சாய்மானத்துக்கு நல்லதல்ல.

அதற்காக சன்ஸ்க்ரீனை விட்டுவிடாதீர்கள். சீட்டை மாற்றலாம், நம் தோலை மாற்ற முடியாது. மாற்ற வேண்டியது பூசும் நேரத்தையும் இடத்தையும்தான்.

செய்ய வேண்டியவை

* படகில் ஏறுவதற்கு 15 நிமிடம் முன்பே கரையில் பூசுங்கள். டிக்கெட் வரிசையில் நிற்கும் நேரமே போதும். பூசியதும் உள்ளங்கையைத் துடைத்துவிடுங்கள். வெளியிலேயே இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும்; அதையும் கரையிலேயே செய்யுங்கள்.

* ஸ்ப்ரே வகையைப் படகில் அடிக்காதீர்கள். காற்றில் பாதி சீட்டுக்கும் பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கும் போகும்.

* சீட் பிடிக்கத் துண்டு போடுவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. சீட்டைக் காக்கவும் அதே பருத்தித் துண்டுதான். எண்ணெயும் வியர்வையும் துண்டோடு போகும், சுடும் சீட்டில் குழந்தையின் தொடையும் பொசுங்காது.

* கறை பட்டால் அன்றைக்கே மிதமான சோப்பு நீரில் மென்மையான துணியை நனைத்துத் துடையுங்கள். பிறகு நல்ல தண்ணீர், பிறகு ஈரம் போக ஒரு துடைப்பு. பிளீச், தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். கறையோடு மேல்பூச்சும் போய்விடும்.

* பளபளக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். ஒரு நாள் பளபளப்பு, மறுநாள் தூசி.

* பைக், கார், படகு எதுவானாலும் காற்று புகும் துணி உறை நல்லது. ஈரத்தோடு பிளாஸ்டிக் ஷீட்டைச் சுற்றினால் உள்ளே பூஞ்சை வரும். பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைப் பக்கம் போனால் ஒரு கெட்டித் துணியைத் தேடிப் பாருங்கள்.

* சீட் மாற்றுவதாக இருந்தால் வெயில் தாங்கும் வகை ரெக்ஸினா என்று கேளுங்கள். வெளிர் நிறம் குறைவாகச் சுடும். நூலையும் கேளுங்கள். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுவிடும், பாலியஸ்டர் நூல் தாங்கும். ரெக்ஸின் நன்றாக இருந்தும் தையல் விட்டதால் வீணாகும் சீட்டுகள் நிறைய.

சீட்டைவிட முக்கியமான ஒன்று

படகில் வெயில் தின்னும் துணி இன்னொன்றும் இருக்கிறது. லைஃப் ஜாக்கெட்! சீட் கிழிந்தால் காசோடு போகும். ஜாக்கெட்டின் துணியும் பட்டையும் பலம் இழந்தால், தேவைப்படும் நொடியில் அது பிய்ந்து வரலாம். நிறம் நன்றாக வெளுத்திருப்பது, வெயில் அதன் பலத்தைத் தின்றதற்கு அடையாளம். மாட்டும் முன் பட்டையை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். தையல் பிரிந்திருக்கிறதா, பக்கிள் 'க்ளிக்' என்று பூட்டுகிறதா என்று கவனியுங்கள். சந்தேகமாக இருந்தால் தயங்காமல் வேறு ஒன்று கேளுங்கள். குழந்தைக்கு என்றால் அதன் அளவுக்குச் சரியானதைக் கேளுங்கள். சொந்தமாக வைத்திருப்பவர்கள் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள்.

அடுத்த முறை முட்டுக்காடு கிளம்பும்போது பையில் சன்ஸ்க்ரீனுக்குப் பக்கத்தில் ஒரு பருத்தித் துண்டும் இருக்கட்டும். கரையில் பூசுங்கள், சீட்டில் துண்டு விரியுங்கள், ஜாக்கெட்டைச் சோதித்து மாட்டுங்கள். பிறகு ஜாலியாகத் துடுப்புப் போடலாம்!