எனக்குக் கேட்கவில்லை, அதனால் இல்லை

எங்கள் காரில் காற்றுச் சத்தம் இல்லவே இல்லை என்று ஒரு குளிர்காலம் முழுக்க என் மனைவியிடம் சாதித்தேன். சத்தம் இருந்தது. எனக்குத்தான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதும் உள்ளுக்குள் எனக்குத் தெரியும். அதை ஒப்புக்கொள்ள மனம் வராமல் சத்தத்தையே இல்லை என்றேன். குற்றம் இவ்வளவுதான். அதை மறைக்க எவ்வளவு பணம், எவ்வளவு ரப்பர், எவ்வளவு அறிவியல் செலவழித்தேன் என்பதையும் சொன்னால்தான் வாக்குமூலம் முழுமையாகும்.

கார் ஒரு மஸ்தா எம்எக்ஸ்-5. 1989-ல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி, 2016-ல் பத்து லட்சத்தைத் தொட்ட ஹிரோஷிமாக்காரன். இரண்டே இருக்கை, துணிக்கூரை. நான் வைத்திருப்பது இரண்டாம் தலைமுறை. இங்கிலாந்தில், அதுவும் ரெடிங்கில் இருந்துகொண்டு, திறந்த கூரைக் கார் வாங்குகிறவனுக்கு ஐம்பது வயதுக் கோளாறு என்றுதான் பெயர். எனக்கும் அதுதான். அக்டோபர் பிறந்தால் துணிக்கூரையின் மேல் மழை கொட்டும் சத்தத்தில் பேச முடியாது. அதற்காகத்தான் ஹார்ட்டாப் வாங்கினேன். தானாக மடிந்து இருக்கைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பிற்காலத்து வகை இல்லை இது. இரண்டு பேர் சேர்ந்து தூக்கி மாட்டி, கோடை வந்ததும் கழற்றி கராஜில் சாத்தி வைக்கிற கெட்டியான மூடி. ஏறக்குறைய இருபது கிலோ. முதல் இரண்டு தலைமுறைக்கும் ஒரே மூடி பொருந்தும் என்பதால் பழைய மூடிகள் கைமாறிக்கொண்டே இருக்கும். என்னுடையதும் வேறொரு காரின் தலையில் பல வருடம் இருந்தது. அதன் பீடிங் ரப்பர் முழுவதும் அந்தக் காரின் கண்ணாடிக்கு ஏற்றபடி அமுங்கிப் பழகியிருந்தது. அடுத்தவர் காலுக்குத் தேய்ந்த செருப்பை நான் மாட்டிக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூடியை நானே பொருத்தினேன். முன்கண்ணாடியின் மேல் விளிம்பில் இரண்டு கொக்கி, கதவுகளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கம் உடலோடு பிடிப்பு. பக்கக் கொக்கி பிடிக்கும் தகடுகளை உடலில் திருகாணி போட்டு இறுக்க வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் மூடி ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். என்னுடையது இடது பக்கம் அப்படித்தான் உட்கார்ந்தது. அது பிறகுதான் தெரிந்தது.

எம்4 நெடுஞ்சாலையில் பிரிஸ்டலுக்குப் போகும்போது (மகள் அங்கே படிக்கிறாள்) மனைவி முதல் தடவை சொன்னாள்: "என்னங்க, இங்க உஸ்ஸுன்னு கேக்குது. என் காதுக்குப் பக்கத்துலயே." நான் தலையைச் சாய்த்துக் கேட்பதுபோல ஒரு பாவனை செய்தேன். எனக்குக் கேட்டது டயரின் உறுமல்தான். "அது ரோடு சத்தம்" என்றேன். "ரோடு கீழே இருக்கு. இது காதுகிட்ட" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் நோய்க்கூறு முழுவதும் இருந்தது. நான் கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும்.

ஏனென்றால் விஷயம் எனக்குத் தெரியாததில்லை. நான் ஒரு பாட்டில் நிரப்பும் ஆலையில் பராமரிப்பு எஞ்சினியர். காற்று எங்கே ஒழுகும், எப்படிக் கத்தும் என்பது என் பிழைப்பு. இந்தக் காரின் கதவுக் கண்ணாடிக்கு மேலே சட்டம் கிடையாது. கீழே கதவுக்குள் மட்டும் பிடிமானம். மேல் விளிம்பு மூடியின் ரப்பரில் வெறுமனே சாய்ந்து நிற்கிறது. மணிக்கு 70 மைல் வேகத்தில் எதிர்க்காற்றின் இயக்க அழுத்தம் கிட்டத்தட்ட 590 பாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்கு 60 கிலோ பாரம்போல. முன்தூணைச் சுற்றிக்கொண்டு வரும் காற்று பக்கக் கண்ணாடிக்கு வெளியே அழுத்தத்தைக் குறைப்பதால், கண்ணாடியின் மேல் விளிம்பு வெளிப்பக்கமாக இழுபடும். நிற்கும்போது நன்றாக ஒட்டியிருக்கிற ரப்பரும் ஓடும்போது விலகும். ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. வேகம் இரட்டிப்பானால் உடலின் மேல் உரசிப்போகும் காற்றின் சத்தம் 18 டெசிபல் வரை ஏறும். அதனால் 35 மைலில் சோதித்துவிட்டு "பார், ஒன்றுமில்லை" என்று சொல்வது ஏமாற்று வேலை. நான் அதையும் செய்தேன்.

முதலில் ஒரு சின்ன வெற்றி கிடைத்தது. அதுதான் என்னைக் கெடுத்தது. பின்பக்க ஏரியல் கம்பி ஊளையிட்டது. அது எனக்குக் கேட்டது. மெல்லிய கம்பியைத் தாண்டும் காற்று இருபுறமும் மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கும். செக் நாட்டு இயற்பியலாளர் ஸ்ட்ரூஹால் 1878-லேயே இதை அளந்துவிட்டார். வேகத்தைக் கம்பியின் விட்டத்தால் வகுத்து 0.2-ஆல் பெருக்கினால் சுருதி கிடைக்கும். ஐந்து மில்லிமீட்டர் கம்பிக்கு 70 மைலில் 1,250 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். கம்பியைச் சுற்றி மெல்லிய ஒயரைச் சுருளாகச் சுற்றினேன், ஊளை நின்றது. மனைவியிடம் இந்தக் கணக்கை இரண்டு தடவை விளக்கினேன். பாவம், கேட்டாள். "சரிங்க, உஸ்ஸு என்னாச்சு?" என்றாள்.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் எனக்குக் கேட்ட சத்தத்துக்கு வைத்தியம். கதவுக்குள்ளும் தரையிலும் பியூட்டைல் ஷீட் ஒட்டினேன். கார்ப்பெட்டுக்கு அடியில் கனமான வினைல். மூடியின் உள்பக்கம் நுரை. அவை மோசமான பொருட்கள் இல்லை. தகரத்தின் அதிர்வை அடக்கும், டயர் உறுமலைக் குறைக்கும். ஆனால் ஓட்டை ஓட்டைதான். ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதிச் சுவர் ஈயத்தால் கட்டியதாக இருந்தாலும் அது 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. இதை ஆலையில் இளைஞர்களுக்கு நானே கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். காரின் எடை கூடியது, உறுமல் இறங்கியது. அவளுக்கு முன்னைவிட மோசமாயிற்று. உறுமல் குறைந்த இடத்தில் உஸ் இன்னும் தெளிவாகக் கேட்க ஆரம்பித்தது.

இனி வருவது இதைவிட அசிங்கம். போனில் டெசிபல் அளக்கும் செயலியைப் போட்டு, ஷீட் ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளைக் காட்டி வாதாடினேன். எண் பொய் சொல்லாது என்றேன். எண் பொய் சொல்லவில்லை, நான் சொன்னேன். உதாரணத்துக்கு உறுமல் 74 டெசிபல், அதோடு 62 டெசிபலில் ஒரு சீறல் என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் 74.3. மீட்டரில் முள் அசைவதே தெரியாது. ஆனால் உறுமல் தாழ்ந்த சுருதி, சீறல் உயர்ந்த சுருதி. காது இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கும். கூட்டுத்தொகையைக் காட்டி ஒருத்தியின் காதைப் பொய்யாக்கினேன். எதிரில் இருந்தவள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள் என்பதையும் மறந்து.

அவள் வாயை அடைக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு நாள் பீடிங் முழுவதும் வாசலின் தடவினேன். இந்த ரப்பருக்குப் பெட்ரோலியச் சரக்கு ஆகாது, உப்பிப்போய் மென்மையாகிவிடும். சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான் தடவ வேண்டும். இதுவும் எனக்குத் தெரிந்ததே. வாசலின் கையருகில் இருந்தது, அவ்வளவுதான்.

கடைசியில் அவளே ஒரு சோதனை வைத்தாள். அவள் ஓட்ட, நான் இடது இருக்கையில். நியூபரி தாண்டி 70 மைலில், "இப்ப கேக்குதா?" என்றாள். ஓட்டைக்கு ஒரு சாண் தூரத்தில் என் காது. "இல்லையே" என்றேன். அதில் பொய் இல்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஏதோ கணக்கு ஓடியது. நான் அவசரமாக, "உனக்குக் காதில் ஏதாவது இரைச்சல் இருக்கும், டாக்டரைப் பார்" என்றேன். இந்தக் கட்டுரையில் எழுதக் கூசிய வாக்கியம் இதுதான். ஏனென்றால் டாக்டரைப் பார்க்கச் சொல்லி ஒரு கடிதம் என் பெயருக்கு ஏற்கெனவே வந்து, மேசை இழுப்பறையில் காரின் இன்சூரன்ஸ் தாள்களுக்கு அடியில் கிடந்தது.

இங்கே சத்தமுள்ள தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு 2005-ம் வருட விதிகளின்படி கேட்புத் திறன் சோதனை உண்டு. 85 டெசிபல் என்பது எல்லைக்கோடு. இயந்திரச் சத்தத்தில் வருடக்கணக்காக நின்ற காதுக்கு முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். வரைபடத்தில் அங்கே ஒரு பள்ளம் விழும். என் வரைபடத்தில் இரண்டு காதுக்கும் அந்தப் பள்ளம் அழகாக விழுந்திருந்தது. தாழ்ந்த சுருதியெல்லாம் நன்றாகவே கேட்டதால் உறுமலும் ஏரியலின் ஊளையும் எனக்குக் கேட்டன. சின்ன இடுக்கில் காற்று சீறும் சத்தத்தின் பெரும்பகுதி நேராக அந்தப் பள்ளத்தில் போய் விழுந்தது. வீட்டில் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்று நான் எரிந்து விழுந்துகொண்டிருந்த வருடங்களும் அவையே.

என்னை மடக்கியது மகள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவளை அழைத்து வரும்போது இடது இருக்கையில் உட்கார்ந்து, போனைக் கண்ணாடியோரம் பிடித்துச் சத்தத்தைப் பதிவு செய்தாள். வீட்டுக்கு வந்து, சுருதி வாரியாகப் பிரித்துக் காட்டும் செயலியில் போட்டு என் முன் வைத்தாள். இடது ஓரத்தில் உறுமல் ஒரு மலை. வலது பக்கம், 4,000-ல் தொடங்கி ஒரு தனி மேடு. "அப்பா, இது என்ன?" என்றாள். "எனக்கு இது கேக்கறதில்லைம்மா" என்று சொன்னேன். அந்தக் குளிர்காலத்தில் நான் பேசிய முதல் நேர்மையான வாக்கியம். கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து மனைவியிடம் காட்டினேன். "இது எப்ப வந்துச்சு?" என்றாள். "கொஞ்ச நாளாச்சு" என்றேன்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க அரை மணிநேரம்கூட ஆகவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தை ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்க்க வேண்டும். பிடித்துக்கொண்டால் சரி, வழுக்கி வந்தால் ஓட்டை. இடது கண்ணாடியின் பின் மேல் மூலையில், அவள் காதுக்கு நேரே, காகிதம் தானாகவே விழுந்தது. உறுதி செய்துகொள்ள, காரின் உள்விசிறியை முழு வேகத்தில் வெளிக்காற்றில் ஓடவிட்டு, ஊதுபத்தியை வெளியே இடுக்கோரமாக நகர்த்தினோம். அந்த மூலையில் புகை சிதறி ஓடியது. மேலே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு நெடுஞ்சாலையில் போய்வந்தோம். "போச்சு" என்றாள் மனைவி. எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவள் சொன்னதை எழுதிக்கொண்டேன்.

பிறகு நடந்தது சாதாரண ரிப்பேர். கதவின் உள் பலகையைக் கழற்றி, கண்ணாடியின் சாய்வைத் திருத்தும் போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல் விளிம்பு ரப்பரில் இன்னும் கொஞ்சம் அழுந்தும்படி உள்பக்கம் சாய்த்தேன். நான் கோணலாக இறுக்கியிருந்த இடது தகட்டை நகர்த்தி மூடியை நேராக உட்கார வைத்தேன். வாசலினில் உப்பியிருந்த பீடிங்கைத் தூக்கிப்போட்டுப் புதியது மாட்டி, சிலிக்கான் கிரீஸ் தடவினேன். பியூட்டைல் ஷீட்டுக்குச் செலவானதில் இதற்கு ஆனது சொற்பம்.

பிப்ரவரியில் காதுக் கருவி வந்தது. மாட்டிக்கொண்டு முதல் தடவையாக எம்4-ல் ஏறினேன். வலது பக்கம், என் பக்கம், கண்ணாடியின் பின் மூலையிலிருந்து உஸ்ஸென்று ஒரு சீறல். "இந்தப் பக்கமும் ஒழுகுதே, உனக்குக் கேக்குதா?" என்று அவளைக் கேட்டேன். "அதுவும் அப்பவே கேட்டுச்சு. ஒண்ணைச் சொன்னதுக்கே இந்தப் பாடு, இன்னொண்ணை எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்" என்றாள்.

வலது கண்ணாடியை அந்த வாரமே சரிசெய்துவிட்டேன். கடிதத்தை அவளிடம் காட்டியபோது தேதி இருந்த மேல் மடிப்பை விரல்களால் மறைத்துப் பிடித்திருந்தேன். அது ஹார்ட்டாப் வாங்குவதற்கு இரண்டு வருடம் முன்பு வந்த கடிதம். இதை அவள் இங்கேதான் முதலில் படிக்கப்போகிறாள்.