ஜேர்மன் துறைக்குப் பூட்டு

லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் எட்டு வருசம் இரவுக் காவல் வேலை செய்தேன். 1987 இல் யாழ்ப்பாணக் கம்பஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தவன் கையில் கடைசியில் ஒரு கம்பஸின் திறப்புக் கோர்வை! விதியின் பகிடி என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாம் மாடியில் ஜேர்மன் மொழித்துறை. அங்கே ஒரு பேராசிரியை இரவு ஒன்பது தாண்டியும் இருப்பார். லண்டனுக்கு வரமுதல் ஜேர்மனியில் அகதி முகாமில் இருந்தனான் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு ஜேர்மனில்தான் கதை. என்னுடைய ஓட்டை ஜேர்மனைத் திருத்தித் திருத்தித் தேத்தண்ணி தருவார்.

2016 இல் ஒரு இரவு சொன்னார்: "இனிப் புதுப் பிள்ளைகளை எடுக்கமாட்டார்கள். இருக்கிறவர்கள் முடித்ததும் துறையை மூடுகிறார்கள்."

ஏன் என்று கேட்டேன். துறை நட்டத்தில் ஓடுகிறதாம். துறை பாவிக்கிற அறைகளுக்குச் சதுர மீற்றர் கணக்கில் காசு போட்டு, அதையும் துறையின் செலவில் எழுதுகிறார்களாம். கட்டடம் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கட்டடம்! வீட்டில் அம்மாவிடம் குசினிக்கு வாடகை கேட்பதுபோல இருந்தது எனக்கு.

இது ஒரு நாளில் வந்ததல்ல. 2004 இல் இங்கிலாந்துப் பள்ளிகளில் 14 வயசுக்குப் பிறகு பிறமொழி கட்டாயமில்லை என்றார்கள். 2012 இல் பல்கலைக்கழகக் கட்டணம் 9,000 பவுண்வரை ஏறியது. கலைப் பாடங்களுக்கு அரசு கொடுத்துவந்த கற்பித்தல் மானியம் பெரும்பாலும் நின்றது. 2015 இல் மாணவர் எண்ணிக்கைக்கு இருந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். பிறகென்ன, தலைக்கு இவ்வளவு என்று ஆள்பிடிக்கிற போட்டிதான். பதினைந்து பிள்ளைகள் படிக்கிற துறை அந்தக் கணக்கில் நட்டக் கடை.

மொழிக்கு மட்டும் வந்த வினையுமல்ல. 2004 இல் எக்ஸெற்றர் பல்கலைக்கழகம் இரசாயனத்துறையை மூட முடிவெடுத்தபோது, நோபல் பரிசு பெற்ற ஹரி குரோட்டோ அங்கே வாங்கிய கௌரவப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். 2006 இல் சசெக்ஸிலும் இரசாயனத்துறையை மூடப் பார்த்தார்கள். மாணவரும் ஆசிரியரும் எதிர்த்து நின்றதில் அது தப்பியது. ஆக, மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று எவரும் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஊரில் நான் ஒரு சதமும் கட்டாமல் படித்தேன். அதுவும் சொர்க்கமில்லை. தரப்படுத்தலில் என் கூட்டாளிமார் பலர் வெளியே நின்றவர்கள். ஆனால் துறை இலாபம் காட்டவேண்டும் என்று அங்கே எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

கடைசி நாள் பேராசிரியை தன் அகராதியை என்னிடம் தந்துவிட்டுப் போனார். கதவைப் பூட்டியது நான்தான். அந்த வேலையை நான் விட்டபோது, அந்த அறைகளில் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கிற அலுவலகம் இருந்தது.

2019 இல் என் மகள் பள்ளியில் ஜேர்மன் எடுக்க ஆசைப்பட்டாள். என் தம்பியின் பிள்ளைகள் ஜேர்மனியில். அவர்களுக்கு இங்கிலீஷ் மட்டுமட்டு, இவளுக்குத் தமிழ் அரைகுறை. சந்தித்தால் மாறிமாறிச் சிரித்துக்கொண்டு இருப்பார்கள். பள்ளியில் சொன்னார்கள்: "படிப்பிக்க ரீச்சர் இல்லை."

எப்படி இருப்பார்? ரீச்சர்மார் படித்து வருகிற இடங்களில் ஒன்றை நானே பூட்டினேனே. மூடின கடையை அடுத்த மாதம் திறக்கலாம். ஒரு துறையை அப்படித் திறக்கமுடியாது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அகராதியோடு மகளுக்கு நானே படிப்பிக்கிறேன். என் ஓட்டை ஜேர்மன்தான். திருத்துவதற்குத்தான் ஆளில்லை.