வேலிக்கு அப்பால்

மாசி மாதத்திலே தம்பலகாமத்திற்குச் செல்வோரை முதலில் வரவேற்பது வயல்வெளியேயாம். கந்தளாய்க் குளத்து நீரால் வளம்பெறும் அவ்வயல்களினிடையே ஆதிகோணநாயகர் ஆலயம் விளங்குகின்றது. போர்த்துக்கேயர் 1622 ஆம் ஆண்டில் திருக்கோணேச்சரத்தை இடித்த காலத்தில் மறைத்துக் காக்கப்பெற்ற திருவுருவங்களுக்கு எழுந்த கோயில் இதுவென்பர் ஊரார். ஆனால், நாம் இங்கே கூறப்புகுவது கோயிலைப் பற்றியன்று. அதற்குப் போகும் வழியில் எம்மைத் தடுத்து நிறுத்திய ஒரு வேலியைப் பற்றியே.

ஐப்பசி தொடங்கித் தை வரை பெய்யும் வாடைமழை ஓய்ந்ததும் வளவெங்கும் புல் முழங்காலளவு நிற்கும். மண் இறுகுமுன் அதனைச் செருக்கி எடுத்து, முற்றத்தைச் சாணமிட்டு மெழுகி, சித்திரைக்குள் வேலியையும் அடைத்துவிடுதல் இங்குள்ளோர் வழக்கம். ஈரம் உள்ளபோதே கிளுவைக் கதியால் நட்டால் வேர்பிடிக்கும். கறையான் தின்ற பழங்கிடுகு தென்னைக்கு எருவாகும். ஓலையை இரண்டாகக் கிழித்து நீரில் ஊறவைத்துப் பின்னிய புதுக்கிடுகு அதனிடத்தே ஏறும்.

எம்மிடம் பயிலும் மாணவன் ஒருவன் தன் பாட்டியார் வீட்டுக்கு எம்மை அழைத்துச் சென்றிருந்தான். அங்கே கிடுகுகள் அடுக்கியபடி கிடந்தன. வேலை மட்டும் தொடங்கவில்லை. காரணம் வினவினோம்.

"தம்பி, அந்தப் பக்கம் ஆரேன் நின்றால்தானே ஊசி திரும்பி வரும்?" என்றார் ஆச்சி.

கயிறு கோத்த குத்தூசியை உள்ளிருப்பவர் குத்தி அனுப்ப, வெளியே நிற்பவர் வாங்கி மறுபடியும் உள்ளே குத்துதல் வேண்டும். ஆகவே வேலியடைப்பு ஒருவரால் இயலாதது. இரு வளவாரும் மனம் ஒத்தாலன்றி நடவாதது. எல்லைத் தகராறும் அங்கேதான் பிறக்கும், தீரும். அயல்வீட்டுப் பெரியவர் சென்ற ஆண்டு வரை அப்பால் நின்றார். பிள்ளைகளோ 1990 ஆம் ஆண்டுப் போரிலே இடம்பெயர்ந்து கடல் கடந்தவர்கள். இப்போது தந்தையையும் அழைத்துக்கொண்டனர்.

பூட்டிய அவ்வீட்டு முற்றமோ பளிச்சென்றிருந்தது. பெருக்குபவர் ஆச்சியே. சிரட்டைகளைக் கவிழ்த்து, உடைந்த வாளியையும் அகற்றியிருந்தார். "தண்ணி தேங்கினால் நுளம்பு எல்லை பார்க்குமோ?" என்று எம்மையே கேட்டார். தேங்கிய நீரில் இட்ட முட்டை ஏறக்குறைய பத்து நாளில் டெங்கு நுளம்பாய்ப் பறக்கும் என்று வகுப்பிலே கூறும் எமக்கு, அக்கேள்விக்கு விடை வேண்டியிருக்கவில்லை.

மகன் மதில் கட்டப் பணம் தருவதாகக் கூறுகிறாராம். ஆண்டுதோறும் அடைக்கும் தொல்லை இல்லாததால் மதிலைக் குறைகூற எமக்கு மனமில்லை. எம் வீட்டைச் சுற்றியிருப்பதும் மதிலே. அப்பக்கத்து வீட்டார் எத்தனை பேர் என்று கேட்டால் மட்டும் நாம் விழிப்போம்.

மேற்சட்டையைக் கழற்றிக் கொடியில் இட்டுவிட்டு, வெறுமையான அவ்வளவினுள் சென்று நின்றோம். உள்ளே பேரன்; வெளியே நாம். முதற் குத்திலேயே ஊசி எம் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. "கையை எடுத்துப்போட்டுச் சொல்லுங்கோ சேர், பிறகு குத்துறன்" என்றான் மாணவன். நண்பகலுக்குள் ஆறு கிடுகு ஏறின. எஞ்சியவற்றிற்கு அடுத்த ஞாயிறும் வருவதாகச் சொல்லி வந்திருக்கின்றோம்.