வளைய வேண்டியது வளையட்டும்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் விஸ்லர் பைக் பூங்கா 1999இல் தொடங்கியது. சைக்கிளோடு லிஃப்டில் மேலே போய், வேரும் பாறையுமான தடங்களில் இறங்கி வருகிறார்கள். அந்த இறக்கம் என்ன செய்தது என்பது அடிவாரத்துப் பட்டறைகளில் தெரியும். பின்சக்கரத்தருகே தொங்கும் கியர் மாற்றியான டிரெய்லியர் உள்ளே மடிந்து வருகிறது. முன்னால் பெடலோடு சுழலும் செயின்ரிங்கின் பற்கள் மழுங்கியிருக்கின்றன. இவற்றைச் சீர்செய்யும் மெக்கானிக்குகளின் வேலையைப் பார்க்கப் பார்க்க எனக்கு உறுதிப்படுவது ஒன்றுதான்: அடி விழும்போது எந்தப் பாகம் கெடலாம் என்று முன்பே முடிவு செய்வதில் இருக்கிறது காப்பு வேலையின் பெரும்பகுதி.

பிரேமுக்கும் டிரெய்லியருக்கும் நடுவே உள்ள ஹேங்கர் என்ற சிறு அலுமினியத் துண்டு வளைவதற்கென்றே வைக்கப்பட்டது. அது வளையாவிட்டால் அடி பிரேமுக்குப் போகும். கார்பன் பிரேமின் விலைக்கு முன்னால் ஹேங்கர் சில்லறைக் காசு. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைக் கட்டுகிறவர்தான் வளையாத ஹேங்கர் கேட்பார். மெக்கானிக் டிரெய்லியரைக் கழற்றி, ஹேங்கரின் மரையில் நீண்ட கை கொண்ட அளவுகருவியைத் திருகி, சக்கர விளிம்பைச் சுற்றிப் பல இடங்களில் இடைவெளி பார்க்கிறார். வித்தியாசம் 4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது பார்க் டூல் நிறுவனம். மிஞ்சினால் அதே கையை நெம்புகோலாக்கிச் சிறிது சிறிதாக நிமிர்த்துகிறார். 12 பல்சக்கரங்கள் நெருங்கி நிற்கும் இன்றைய கேசட்டில் கியர் ஒழுங்காக விழுவது இந்தப் பொறுமையை நம்பித்தான்.

முன்பக்கச் செயின்ரிங்கைக் காக்க பாஷ் கார்ட். பெடல் அச்சின் அருகே பிரேமில் பூட்டும் இந்தத் தகடு பெரும்பாலும் பிளாஸ்டிக். பாறையில் சிக்காமல் வழுக்கிப் போக அதுவே வசதி. தேய்ந்தால் மாற்றிவிடலாம். பாறை தட்டிச் செயின் போனாலும் அது இல்லாமலே சமாளிக்கலாம், பாஷ் கார்ட் எதற்கு என்று சிலர் 2015இன் லியோகாங் உலகக் கோப்பை இறக்கப் பந்தயத்தைக் காட்டுவார்கள். தொடக்கத்திலேயே செயின் அறுந்தும் ஆரன் க்வின் அங்கே வென்றார் என்பது உண்மை. ஆனால் ஏற்றம் உள்ள தடத்தில் அந்தக் கதை எடுபடாது.

ஸ்ராம் நிறுவனம் 2023இல் ஹேங்கரே இல்லாமல் அச்சோடு நேராகப் பிரேமைப் பிடிக்கும் டிரெய்லியரைக் கொண்டுவந்ததே, இன்னும் பலவீனமான துண்டு எதற்கு? நியாயமான கேள்வி. உற்றுப் பார்த்தால் அங்கும் விட்டுக்கொடுக்கும் இடம் உண்டு. உரசும் தகடும் செயினை ஏந்தும் கூண்டும் தனியே மாற்றும்படி செய்யப்பட்டிருக்கின்றன. பில் மட்டும் பெரிது. கியர்களை எல்லாம் பெட்டிக்குள் அடைக்கும் பினியன் கியர்பாக்ஸ் டிரெய்லியரையே ஒழிக்கிறது; எடை கூடும், அதற்கென்றே செய்த பிரேமும் வேண்டும். பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு ஹேங்கரும் பாஷ் கார்டும்தான் இன்றும் மலிவான வழி.

2019இல் வந்த பொது அளவு ஹேங்கர் பல பிராண்டு பிரேம்களுக்குப் பொருந்துகிறது. உங்கள் பிரேம் அதை ஏற்குமானால் ஒன்றைப் பையில் போட்டு வையுங்கள். விழுந்து எழுந்ததும் பின்னால் நின்று டிரெய்லியர் நேராகத் தொங்குகிறதா என்று பாருங்கள். பார்க்காமல் பெரிய பல்சக்கரத்துக்கு கியர் மாற்றினால், வளைந்த டிரெய்லியர் ஆரக்கம்பிகளுக்குள் போய்விடும். அப்புறம் சக்கரமும் சேர்ந்து செலவு வைக்கும்.