வாகனத்தின் மேனிக்கு மெழுகா, சீலன்டா?



வாகனத்துக்கு என்ன பூசுவது என்பது ஆண்களுக்குரிய பேச்சு என்றுதான் நம்மிற் பலர் எண்ணுகின்றோம். வாகனத்தை சேர்விஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு செல்பவர் கணவராகவோ மகனாகவோ இருக்கலாம். ஆனால் அங்கே எண்ணிக் கொடுக்கப்படும் பணம் வீட்டின் எந்தச் செலவைச் சுருக்கி எடுக்கப்பட்டது என்பதை அறிந்தவர்கள் நீங்கள்தாம். அதனால்தான் அரபு இலக்கணம் கற்பிக்கும் ஓர் ஆசிரியனாகிய நான், இம்மாதம் இந்த விடயத்தை உங்களிடமே கொண்டு வருகின்றேன்.

2020 மார்ச் மாதத்தில் நமது நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனத்தின் விலையும் எட்டாத உயரத்துக்கு ஏறிப்போனதை நாம் கண்டோம். இன்று ஒரு நடுத்தரக் குடும்பத்தில், வீட்டுக்கும் வளவுக்கும் அடுத்தபடியாகப் பெறுமதியுள்ள பொருள் வாசலில் நிற்கும் வாகனமே. அதன் நிறம் மங்கி, ஓரங்களில் கறல் ஏறினால், விற்கப் போகும் நாளில் இலட்சக் கணக்கில் இழப்பு வரும்.

அந்த நிறம் எவ்வளவு மெல்லியது தெரியுமா? தகரத்தின் மேல் முதற்பூச்சு, அதன்மேல் நிறப்பூச்சு, அதற்கும் மேலே கண்ணாடி போன்ற ‘கிளியர் கோட்’ என்று பல படைகள் உள்ளன. இவை எல்லாம் சேர்ந்தே ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். கிளியர் கோட் மட்டும் அதிலும் பாதிக்குக் குறைவு. வெயிலை முதலில் தாங்குவது இந்த மெல்லிய தோல்தான். அது உரிந்துவிட்டால் மறுபடி பெயின்ற் அடிப்பதைத் தவிர வேறு மருந்து கிடையாது.

கரையோரத்தில் வாழும் நமக்கு வெயில் மட்டும் எதிரியல்ல. கடற்காற்று கொண்டுவரும் உப்பு, கீறல் விழுந்த இடத்தில் தகரத்தைத் தொட்டதும் கறலை விரைவாக்குகின்றது. மரநிழலில் நிறுத்தினால் காகத்தின் எச்சம் விழுகின்றது. அதில் அமிலத்தன்மை உண்டு. வெயிற் சூட்டில் ஓரிரு நாள் கிடந்தால், கழுவிய பின்னும் அழியாத தழும்பை விட்டுச் செல்லும். புத்தளம், யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புக்கல் நிலங்களில் கிணற்றுத் தண்ணீர் தானாகக் காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகள் படியும். இவற்றுக்கும் வாகனத்தின் தோலுக்கும் இடையே ஒரு மெல்லிய போர்வையைப் போடுவதுதான் மெழுகின் வேலையும் சீலன்டின் வேலையும்.

மெழுகுகளிற் பேர்பெற்றது ‘கார்னௌபா’. பிரேசிலின் வடகிழக்கிலே, நமது பனையைப் போல விசிறி மடல் விரிக்கும் ஒரு மரத்தின் இலையில் இது கிடைக்கின்றது. வறண்ட நிலத்தில் ஈரம் ஆவியாகிப் போகாதபடி அந்த மரம் தன் இலைக்குத் தானே பூசிக்கொள்ளும் மெழுகு அது. இலையை வெட்டி உலர்த்தி, அடித்து உதிர்த்து எடுக்கின்றார்கள். கடையில் நாம் வாங்கும் டின்னில் அதனோடு வேறு மெழுகுகளும் எண்ணெய்களும் கலந்திருக்கும். மெழுகு தரும் பளபளப்பு ஆழமானது; கறுப்பு, கடும் நீலம் போன்ற நிறங்களில் மிக எடுப்பாகத் தெரியும். ஆனால் ஆயுள் குறைவு. சில வாரங்கள், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதங்கள். நமது வெயிலில் அதிலும் குறைந்த பக்கத்தையே கணக்கில் வைக்க வேண்டும்.

சீலன்ட் என்பது இரசாயன முறையில் செய்யப்பட்ட செயற்கைப் பூச்சு. இது பெயின்றின் மேற்பரப்பை இறுகப் பற்றிக்கொள்கின்றது. நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை நிற்கும். நன்கு பேணினால் அதற்கு மேலும் நிற்கலாம். பளபளப்புச் சற்றே ‘கண்ணாடித்தனமாக’ இருக்கும். மெழுகின் குளிர்ச்சி அதில் இல்லை என்று சொல்வோரும் உண்டு.

அப்படியானால் எதைத் தேர்வது? இதை எனக்குத் தெளிவாக்கியவர் எனது ராத்தா.

மச்சான் மௌத்தான பின்னர் அவருக்கு எஞ்சியது ஒரு பழைய வெள்ளை வேன். சாரதி ஒருவரை வைத்து, காலையும் பகலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கித்தான் வீடு நடக்கின்றது. அந்த வேனில் மூன்று யதீம் பிள்ளைகளின் பங்கும் இருக்கின்றது. ஆகவே அதைப் பேணுவது அலங்காரமல்ல, அமானிதம். ஒரு சேர்விஸ் ஸ்டேஷனில் பெரிய தொகை ஒன்றைச் சொல்லி, “எல்லாம் செய்து புதுசு போலத் தருகிறோம்” என்றார்கள். ராத்தா என்னை அழைத்தார். கடையில் வாங்கக்கூடிய மெழுகு டின்னையும் சீலன்ட் போத்தலையும் பற்றி நான் விலையோடு விளக்கினேன்.

“தம்பி, விலைய விடு. ஒருக்காப் பூசினா எத்தின நாளைக்கி நிக்கும்? அதச் சொல்லு” என்றார்.

சொன்னேன். விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். மெழுகென்றால் வருடத்துக்கு ஆறு முறையாவது பூச வேண்டும். சீலன்ட் என்றால் இரண்டு, மூன்று முறை. ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்துப் பூசி முடிக்க அரை நாள் போகும். “அந்த அரை நாளும் ஆர்ர நாள்? என்ர மகன்ட நாள். அவன் சோதினைக்குப் படிக்கிற புள்ள” என்றார். அத்தோடு முடிவு தீர்ந்தது.

ஆனால் அதற்கு முன் ஒரு பெயின்ற் பாஸிடம் வேனைக் காட்டினோம். அவர் ஈரத்துணியால் கூரையைத் துடைத்துக் காட்டினார். துணியில் வெள்ளை மா போல ஒட்டியது. கிளியர் கோட் இல்லாத பழைய வெள்ளைப் பெயின்ற் வெயிலில் இப்படித்தான் மாவாகும். அதற்கு முதலில் பொலிஷ் வேண்டும். பொலிஷ் வேறு, மெழுகு வேறு. பொலிஷ் என்பது செத்த மேற்படையைத் தேய்த்து எடுப்பது. அடிக்கடி செய்தால் பெயின்றே தேய்ந்துவிடும். மெழுகும் சீலன்டும் எதையும் எடுப்பதில்லை, மேலே போர்த்துவதுடன் சரி. கூரை ஓரத்தில் ஒரு கறலும் இருந்தது. “இதுக்கு மேல எதப் பூசினாலும் உள்ளுக்குள்ள தின்னும்” என்றார் அவர். ராத்தா கையிலிருந்த பணத்தில் முதலில் கறலைச் சுரண்டி ஒட்டுப் பெயின்ற் அடிப்பித்தார். கூரைக்கு ஒருமுறை மெல்லிய பொலிஷ் செய்வித்தார். மிகுதிக்கு ஒரு போத்தல் சீலன்ட் வாங்கினார். சேர்விஸ் ஸ்டேஷன் கேட்ட தொகையில் பாதி கூட ஆகவில்லை. அந்த வேன் இன்றும் பிள்ளைகளை ஏற்றி ஓடுகின்றது.

எனது சிறிய காரின் கதை வேறு. அது கடும் நீலம். பெரும்பாலும் கொட்டிலில் நிழலில்தான் நிற்கும். விடுமுறை நாளில் இளைய மகளோடு பேசிக்கொண்டே அதற்கு மெழுகு பூசுவது எனக்கு விருப்பமான வேலை. ஆகவே நான் மெழுகையே வைத்திருக்கின்றேன். நிழலும் நேரமும் உள்ளவருக்கு மெழுகு. நாள் முழுதும் வெயிலில் உழைக்கும் வாகனத்துக்கு, ஓய்வில்லாத வீட்டுக்குச் சீலன்ட். இதுதான் எனது முடிவு.

எதைத் தேர்ந்தாலும் சில விடயங்களைக் கவனியுங்கள். வாகனம் சூடாக இருக்கும்போது பூச வேண்டாம். நிழலில், நன்கு கழுவி ஈரம் போகத் துடைத்த பின்னரே பூசுங்கள். மெல்லியதாகப் பூசினால் போதும். தடிப்பாகப் பூசுவது வீண்விரயம். சீலன்ட் இறுகச் சில மணி நேரமாவது எடுக்கும். போத்தலில் எழுதியுள்ள நேரம் வரை தண்ணீர் பட விடாதீர்கள். இரண்டையும் பூச விரும்பினால் சீலன்ட் முதலில், மெழுகு மேலே. மாற்றிச் செய்தால் சீலன்ட் பிடிக்காது.

பாத்திரம் கழுவும் திரவத்தால் வாகனத்தைக் கழுவக் கூடாது. பாத்திரத்தின் எண்ணெயைக் கழற்றுவது போலவே மெழுகையும் அது கழற்றிவிடும். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் வருவது எண்ணெய் மினுக்கம். அது பாதுகாப்பல்ல, தூசியைத்தான் இழுக்கும். காக எச்சத்தை உலர்ந்த துணியால் தேய்க்காமல், ஈரத்துணியை அதன்மேல் சற்று நேரம் போட்டு ஊறவைத்து எடுங்கள். கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். இதற்குச் செலவு ஒரு வாளித் தண்ணீர்தான். ஆனால் விலையுயர்ந்த எந்தப் பூச்சும் இதற்கு ஈடாகாது.

போர்வை இன்னும் இருக்கின்றதா என்பதை அறிய ஒரு கை தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாகத் திரண்டு நின்றால் இருக்கின்றது. பரந்து தட்டையாகக் கிடந்தால், அடுத்த முறை பூசும் காலம் வந்துவிட்டது. இனி யாராவது உங்கள் வீட்டு வாகனத்துக்குப் பெரிய தொகை சொன்னால், “இது எத்தனை மாதம் நிற்கும்? இது தேய்ப்பதா, போர்த்துவதா?” என்று இரண்டே கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பணப்பையைத் திறவுங்கள்.