ஒரு பார்வையில் அடங்காத குடா

மார்கழியில் மூதூர்க் கரையில் நின்று பார்த்தால் கொட்டியாரக் குடா செம்மண் கலங்கலாகக் கிடக்கும். ஊருக்குப் புதியவர்கள் "கடல் கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பிள்ளைகளே, நீங்கள் அப்படிப் போய்விடாதீர்கள்.

மலைநாட்டிலிருந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை இந்தக் குடாவில்தான் விழுகிறது. வாடைக்கால மழையில் பெருகி வரும் அந்த நீர் கடலோடு உடனே கலப்பதில்லை. ஒரு கன மீற்றர் நன்னீர் 1000 கிலோ என்றால் கடல்நீர் ஏறத்தாழ 1025 கிலோ. அந்தச் சிறு வித்தியாசமே போதும். கங்கை நீர் பாய் விரித்ததுபோல் கடலின் மேல் கிடக்கும். மேலே கலங்கல் ஓடும்போதே, அடியில் தெளிந்த உப்புநீர் முகத்துவாரத்துக்குள் ஏறியிருக்கும். மேலே தெரிவதை மட்டும் பார்த்துக் குடாவை எடைபோடாதீர்கள். ஆட்களையும் ஒருநாள் கண்ட கோலத்தை வைத்து எடைபோடும் அவசரம் உங்களிடம் இருக்கிறது. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கடலின் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள உயர வித்தியாசம் இந்தக் கரையில் ஒரு மீற்றருக்கும் குறைவுதான். குறைவென்று தள்ளிவிடாதீர்கள். பெருக்கு கங்கையை வாயிலேயே மறித்து வைக்கும். வற்று அதை வெளியே இழுத்துவிடும். ஒரு பெருக்குக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் இடைவெளி. அதனால் நேற்றுக் காலை ஆறு மணிக்குக் கண்ட குடா இன்று அதே ஆறு மணிக்கு இராது. அமாவாசையிலும் பறுவத்திலும் இழுவை கூடும், அட்டமியில் தணியும்.

கலங்கல் முடிந்து நீலம் தொடங்கும் ஓரத்தைப் பாருங்கள். நுரையும் சருகும் தடியும் அங்கே வரிசையாக ஒதுங்கியிருக்கும். உப்பு பட்டதும் நுண்ணிய களிமண் ஒன்றோடொன்று திரண்டு அடியில் இறங்கும். நீர் தெளியத் தெளிய வெயில் உள்ளே புகும். கங்கை கொண்டுவந்த சத்தை உண்டு கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் பெருகும். அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்களும், பின்னால் சிறுமீனும், அதன் பின்னால் பெருமீனும் வரும். கெட்டுப்போச்சு என்றார்களே, அந்தக் கலங்கல்தான் நம் வலைக்குச் சோறு போடுகிறது.

1976இல் மேலே மலைநாட்டில், பொல்கொல்லவில், கங்கை நீரின் ஒரு பகுதி வேறு பக்கம் திருப்பப்பட்டது. 1985இல் அதே கங்கையில் விக்டோரியா அணை திறக்கப்பட்டது. வயல்கள் விளைந்தன, வீடுகளில் விளக்கு எரிந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அணைக்குப் பின்னால் தங்கும் வண்டல் குடாவுக்கு வருவதில்லை. கடலுக்குப் போகும் தண்ணீர் வீண் என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன்.

நாளை இந்தக் குடாவைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் உங்களில் சிலர் இருப்பீர்கள். அதற்குமுன் வாடையிலும் சோளகத்திலும், வற்றிலும் பெருக்கிலும் இங்கே வந்து பாருங்கள். கண்டதைத் திகதியோடு குறித்து வையுங்கள். தொழிலுக்குப் போய்வரும் அண்ணன்மாரிடம் கேளுங்கள். பிறகு பேசுங்கள்.