ஒரு கோட்டை, ஒரு தோட்டம், ஒரு பட்டா

எங்கள் வகுப்பு நண்பன் ஒருவனுடைய அக்கா ஸ்காட்லாந்தில் படிக்கிறார். எடின்பரோ கோட்டைக்குப் போய் எடுத்த போட்டோக்களைத் தம்பிக்கு அனுப்பியிருந்தார். கரும்பாறை மேல் கோட்டை, கீழே பச்சைப் பசேல் என்று தோட்டம். அந்தத் தோட்டம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் ஏரியாம். நம்ம ஊரில் ஏரியை வற்ற வைத்தால் பஸ் ஸ்டாண்டு வரும், அங்கே தோட்டம் வந்திருக்கிறது!

போட்டோவைக் காட்டிவிட்டு அவன் கேட்டான், "நம்ம பக்கம் என்னடா மச்சான் இருக்கு?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை ராயக்கோட்டை போலாம் வா" என்றேன். நானும் அதுவரை மேலே ஏறியதில்லை என்பதைச் சொல்லவில்லை.

ஊர் சுற்ற வேறு காரணமும் இருந்தது. பாலக்கோடு பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம் உண்டு. கிணறு, பத்துப் பதினைந்து தென்னை, மீதியில் தக்காளி. விற்றுவிடலாமா என்று அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். "நீ படிச்சவன், கணக்குப் போட்டுச் சொல்லு கண்ணு" என்றார். நானும் போட்டேன். மருந்து, உரம், ஆள் கூலி எல்லாம் ஒரு பக்கம், தக்காளி விற்ற பணம் ஒரு பக்கம். மூன்று வருடத்தில் இரண்டு வருடம் நஷ்டம். விற்ற பணத்தை பேங்கில் போட்டால் வட்டி வரும். "வித்துடலாம்ப்பா" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்றிலிருந்து வீட்டில் இருக்கவே ஒரு மாதிரியாக இருந்தது.

சரி, கோட்டைக்கு வருவோம். தருமபுரியில் ஓசூர் பஸ் ஏறி, பாலக்கோடு, மாரண்டஅள்ளி தாண்டினால் ராயக்கோட்டை. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனால் எங்கள் அப்பாவுக்கு இன்னமும் அது நம்ம மாவட்டம்தான். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் கோட்டை. மைசூர் மேட்டுநிலத்துக்கும் கீழே பாராமகால் சமவெளிக்கும் நடுவில் இருக்கும் வாசல் மாதிரி. பாராமகால் என்றால் பன்னிரண்டு கோட்டைகள் என்று பொருள் சொல்வார்கள். மூன்றாம் மைசூர் போரில், 1791 ஜூலையில், மேஜர் கவுடி என்பவர் தலைமையில் கம்பெனிப் படை இதைத் திப்புவிடமிருந்து பிடித்தது.

ஏற ஏற மூச்சு வாங்கியது. பாதி வழியில் தண்ணீர் பாட்டில் காலி. மேலே போனால் ராஜா ராணி கட்டில் எல்லாம் கிடையாது. இடிந்த மதில், செங்கல்லும் சுண்ணாம்புமாக நிற்கும் கூரையில்லாத சுவர்கள், பாறைச் சுனை. சுவர் முழுக்கக் காதலர்கள் பெயர். "எடின்பரோல டிக்கெட் வாங்கிட்டுதான் விடுவாங்களாம்" என்றான் நண்பன். இங்கே எங்களை யார் என்று கேட்கக்கூட ஆள் இல்லை.

ஆனால் கீழே பார்த்தோம் பாருங்கள்... நாலா பக்கமும் வயலும் தோட்டமும். தக்காளி, முள்ளங்கி, மாந்தோப்பு. கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் வரப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சர்வே நம்பர். ஒவ்வொரு நம்பருக்கும் யார் வீட்டுப் பீரோவிலோ ஒரு பட்டா.

இதை முதலில் நம்ம பக்கம் ஆரம்பித்தவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர் என்பதுதான் வேடிக்கை. தாமஸ் மன்றோ, 1761ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். 1792ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி பாராமகால் கம்பெனி கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடு என்ற அதிகாரியின் கீழ் வரி வசூல் பார்க்க வந்த ராணுவக்காரர்களில் மன்றோவும் ஒருவர். 1799 வரை, ஏழு வருடம். வங்காளத்தில் 1793ல் ஜமீன்தார்களிடம் மொத்தமாக வரியைப் பேசி முடித்தார்கள். இங்கே ஒவ்வொரு நிலத்தையும் அளந்து, உழுகிறவனிடமே நேராக வரி வாங்கும் முறையை முயன்று பார்த்தார்கள். அதுதான் பின்னால் மதராஸ் மாகாணம் முழுக்கப் பரவிய ரயத்துவாரி.

உடனே மன்றோவுக்கு மாலை போட வேண்டாம். அளந்தது கம்பெனி கல்லா நிறையத்தான். வரி கடுமையாகவே இருந்தது. பிறகு கடப்பை, பெல்லாரி பக்கம் வேலை பார்த்தபோது, வரியை 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 1807ல் அவரே எழுதினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே மன்றோ தருமபுரியில் வீடு கட்டி, தோட்டம் போட்டார். ஊரில் இருக்கும் தன் சகோதரிக்கு அந்தத் தோட்டத்தைப் பற்றிக் கடிதம் எழுதினார். 1799ல் கன்னடக் கடற்கரைப் பக்கம் மாற்றல் வந்தபோது போகவே மனமில்லை அவருக்கு. பின்னாளில் கவர்னர் ஆனார், 1827ல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். சென்னையில் சேணம் இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். தருமபுரியில் அவர் நினைவாக ஒரு தூண் இருக்கிறது. நாங்கள் எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறோம், என்னவென்று பார்த்ததில்லை. தோட்டம்தான் இல்லை.

மதில்மேல் உட்கார்ந்து இதையெல்லாம் நண்பனிடம் சொல்லிக்கொண்டு வந்தவன், ஒரு இடத்தில் நிறுத்திவிட்டேன். ஏழு வருடம் இருந்த வெள்ளைக்காரனுக்கே ஒரு தோட்டத்தை விட்டுப் போகக் கஷ்டமாக இருந்திருக்கிறது. தாத்தா வெட்டிய கிணற்றில் நாற்பது வருடம் தண்ணீர் பாய்ச்சியவரிடம், பேங்க் வட்டி எவ்வளவு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் நான்.

பி.காம் முதல் வருடத்திலேயே சொல்லித்தருவார்கள்: மெஷினுக்கு, கட்டடத்துக்கு, வண்டிக்குத் தேய்மானம் உண்டு, நிலத்துக்குக் கிடையாது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். மேலே அவ்வளவு பெரிய கோட்டை தேய்ந்து கிடக்கிறது. கீழே வயல் அப்படியே இருக்கிறது.

அதற்காக நஷ்டம் லாபமாகிவிடாது, அதுவும் தெரியும். ஆனால் என் கணக்கில் ஒரு தப்பு இருந்தது. மூன்று வருடமும் தக்காளி மட்டும்தான் போட்டிருந்தோம். பழைய மோட்டார் ரிப்பேருக்கே ஏகப்பட்ட செலவு. அதை மாற்றினால் என்ன ஆகும், பாதி நிலத்துக்கு வேறு பயிர் வைத்தால் என்ன ஆகும் என்று நான் போட்டே பார்க்கவில்லை. விற்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரி கணக்கு எழுதியிருக்கிறேன்.

இரவு சாப்பிடும்போது சொன்னேன், "அப்பா, இந்த வருஷம் விக்க வேணாம். நான் மறுபடியும் கணக்குப் போடறேன்."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மோட்டாரு என்ன வெலைன்னு கேட்டுட்டு வா கண்ணு, அதையும் சேத்துப் போடு" என்றார். அம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

கணக்கு இன்னும் முடியவில்லை. லாபம் வருமா என்று எனக்கே சந்தேகம்தான். நண்பன் மட்டும் மதில்மேல் நாங்கள் நிற்கும் போட்டோவை ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவிட்டான். "இது எந்த ஊருடா, இவ்வளவு அழகா இருக்கு?" என்று பதில் வந்ததாம்.